நூற்று நாற்பத்தாறு திரைகளும் ஒரு கடிகாரமும்

தேநீர் ஆறிக்கொண்டிருக்கும், அவர் எண்ணிக்கொண்டிருப்பார். ஆட்காட்டி விரல் கணினியின் கண்ணாடியில் படாமல் ஒரு நூலிழை தள்ளி நகரும். "வாசல் பச்சை. மருந்துக்கடை பச்சை. குழந்தைங்க பிரிவு ரெண்டும் பச்சை. எக்ஸ்ரே பச்சை. லிஃப்ட் பக்கம்..." இங்கே விரல் நின்றுவிடும். "ஏம்மா, லிஃப்ட் பக்கம் மஞ்சளா இருக்கே. உடம்புக்கு என்னவாம்?"

பக்கத்து மேசைக்காரி தலையைத் தூக்காமலே பதில் சொல்வாள். "அது நேத்துலேர்ந்தே அப்படித்தாண்ணா. வயசாயிடுச்சு. நம்மள மாதிரி."

"உன்னை மாதிரின்னு சொல்லு. என்னை எதுக்கு இழுக்கற?"

அவர் ஒரு பெரிய மருத்துவமனையின் திரைக்காரர். ஐந்து கட்டடங்கள், நூற்று நாற்பத்தாறு திரைகள். எந்த மருத்துவர் எந்த அறையில், எந்த டோக்கன் எந்தச் சன்னலில், கை கழுவுவது எப்படி, கண் மருத்துவத்துக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றெல்லாம் சுவர்களில் ஒளிர்கின்றனவே, அவை அத்தனைக்கும் பொறுப்பு இவர். ஒவ்வொரு திரையின் முதுகிலும் சோப்புப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி ஒட்டியிருக்கிறது. அதுதான் படத்தை ஓட்டுகிறது. நிமிடத்துக்கு ஒருமுறை அது நிலவறையில் உள்ள இவருடைய கணினிக்கு 'இருக்கிறேன்' என்று ஒரு சேதி அனுப்பும். சேதி ஒழுங்காக வந்தால் வரைபடத்தில் அதன் புள்ளி பச்சை. தடுமாறி வந்தால் மஞ்சள். ஐந்து நிமிடம் வராவிட்டால் சிவப்பு. இந்தப் புள்ளிகளோடு குடித்தனம் நடத்திப் பதினான்கு வருடமாகிறது. ஆகவே மருத்துவமனையில் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. காவலாளி முதல் கண் மருத்துவர் வரை எல்லாருக்கும் அவர் 'பச்சை அண்ணன்'தான்.

அவருடைய அறை நிலவறையில் சலவைக்கூடத்துக்கு அடுத்தது. சன்னல் கிடையாது. சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். சோப்பு வாசனை எப்போதும் அடிக்கும். மேலே வெயிலா மழையா என்று தெரிய வேண்டுமானால் வாசல் திரையின் பெட்டி எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று பார்ப்பார். "நாப்பத்தெட்டு டிகிரி. இன்னிக்கு நல்ல வெயில்" என்பார். குடையை விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார். இரண்டு முறை நனைந்திருக்கிறார். அதற்குக் காரணம் குளிர்சாதனப் பழுது என்று பிறகு தெரிய வந்தது.

இவ்வளவு திரைகளை ஆள்பவர் அவற்றை நேரில் பார்ப்பது அபூர்வம். ஏதாவது ஒன்று சிவப்பானால் முதலில் தொலைவிலிருந்தே அணைத்து எழுப்பிப் பார்ப்பார். எழவில்லை என்றால் அந்தத் திரைக்குப் பக்கத்தில் நிற்கும் யாரையாவது தொலைபேசியில் பிடிப்பார். "அண்ணே, பச்சை பேசறேன். கொஞ்சம் எட்டி திரைக்குப் பின்னால கையை விடுங்க. பயப்படாதீங்க, கடிக்காது. சூடா இருக்கா? எப்படிச் சூடு? காய்ச்சல்காரன் நெத்தி மாதிரியா, இஸ்திரிப்பெட்டி மாதிரியா?" நெற்றி என்றால் பிழைத்துக்கொள்ளும். இஸ்திரிப்பெட்டி என்றால் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே கிளம்பிவிடுவார். பதினான்கு வருடத்தில் இந்த அளவுகோல் ஒருமுறையும் பொய்த்ததில்லையாம்.

மற்ற விஷயங்களில் அவரைப் போல இளகிய மனிதர் கிடைக்க மாட்டார். திரையில் என்ன எழுதுவது என்று வந்துவிட்டால் மட்டும் கல்லாகிவிடுவார். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் சுவரொட்டிகள் வரும். இருபது வரி, மூன்று அம்புக்குறி, மூலையில் தலைமை மருத்துவரின் சிரிப்பு. இவர் அதை நாலு வரியாக வெட்டுவார். யாராவது சண்டைக்கு வந்தால், "நாலு வரிதாங்க நோயாளிக்கு. அஞ்சாவது வரி மேனேஜருக்கு. அதை அவர் ரூம்ல மாட்டிக்கச் சொல்லுங்க" என்பார். இரண்டு மொழிகளிலும் போட வேண்டும். ஒரு மொழிக்கு எட்டு வினாடி. எட்டு எப்படி வந்தது என்றால், நடைக்கூடத்தில் பதினைந்தடி தள்ளி நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வாய்விட்டு எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தாராம். ஆறு வினாடி ஆனதாம். "நமக்கு ஆறு. வலியில இருக்கறவங்களுக்கு எட்டு."

வெளியே போனாலும் மனிதருக்கு விடுதலை இல்லை. ரொட்டிக் கடையில் விலைப்பட்டியல் திரை பாதியில் நின்று பிழைச்செய்தி காட்டிக்கொண்டிருந்தால் அவரால் ரொட்டி வாங்க முடியாது. கல்லாக்காரரிடம் போய், ஏதோ துக்கம் விசாரிப்பதைப் போலக் குரலைத் தணித்து, "உங்க பெட்டி தூங்கிடுச்சுங்க. எழுப்பி விடட்டுமா?" என்று கேட்பார். அவர் மனைவி ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறார். அதட்டாமலே அடக்கும் குரல் அவருக்கு. கணவரின் இந்தப் பழக்கத்தைப் பற்றி உறவுக்காரர்களிடம் அவர் சொல்வது இது: "ஊர்ல மத்த ஆம்பளைங்க அழகான பொம்பளைங்களத் திரும்பிப் பார்ப்பாங்க. எங்க வீட்டு ஆளு டிவியோட முதுகைத் திரும்பிப் பார்ப்பாரு. நான் எதைன்னு சந்தேகப்படறது?"

திரைக்காரருக்கு ஒரு கொள்கை உண்டு. கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். "கறுப்பாப் போன திரை யோக்கியன்மா. 'எனக்கு ஒண்ணும் தெரியாது, போய் ஆளைக் கேளு'ன்னு சொல்லிடும். உறைஞ்சு போன திரைதான் அயோக்கியன். நேத்து நடந்ததை இன்னிக்கு நடக்கற மாதிரி காட்டிட்டு, கொஞ்சம்கூடக் கூசாம நிப்பான்."

இந்தக் கொள்கையை அவர் ஒரே ஒருமுறைதான் விட்டுக்கொடுத்தார்.

மூன்றாவது மாடியில் அறுவை அரங்குகளுக்கு வெளியே ஒரு காத்திருப்புக் கூடம். அங்கே உள்ள திரையில் மருத்துவர் முகம் கிடையாது, கை கழுவும் பாடம் கிடையாது. எண்கள் மட்டும். உள்ளே போகும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தருவார்கள். வெளியே காத்திருப்பவர் கையில் அதே எண் எழுதிய சீட்டு. திரையில் அந்த எண்ணுக்கு எதிரே 'தயாராகிறார்', 'அறுவை நடக்கிறது', 'மீட்பு அறை', 'வார்டு' என்று மாறிக்கொண்டே வரும். 'மீட்பு அறை' என்று வந்துவிட்டால் உறவினர் ஒருவர் கதவு மணியை அடித்து உள்ளே போகலாம். அரங்குக்குள் இருக்கும் கணினி சொல்வதைத் திரைக்குப் பின்னால் உள்ள பெட்டி அரை நிமிடத்துக்கு ஒருமுறை வாங்கிப் போடுகிறது. நூற்று நாற்பத்தாறில் இது ஒன்றைத்தான் அவர் தினமும் நேரில் போய்ப் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிவிடுவார். அங்கே உட்கார்ந்திருக்கும் முகங்களைப் பார்க்க அவருக்குத் தைரியம் போதாது.

போன வருடக் கடைசியில் அந்தத் திரை ஒருநாள் அரைமணி நேரம் கறுத்துவிட்டது. அரங்குக் கணினியோடு இருந்த தொடர்பு அறுந்து போனதுதான் காரணம். அந்த நேரம் பார்த்து, நிர்வாக அதிகாரியான அம்மாள், யாரோ முக்கிய விருந்தினர்களை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்துவிட்டார். மறுநாள் அந்த அம்மாள் நிலவறைக்கே இறங்கி வந்தார். தொடர்பு அறுந்தால் திரை கறுக்கக் கூடாது, கடைசியாக வந்த தகவலையே காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்றார்.

"அது பொய் சொன்ன மாதிரி ஆயிடும் மேடம்."

"ஒரு அஞ்சு நிமிஷம் பழைய தகவல் இருந்தா யாருக்கு என்ன குறைஞ்சு போகும்? கறுப்புத் திரையைப் பார்த்தா ஜனங்க பயப்படறாங்க."

"அப்ப 'கடைசியாகத் தகவல் வந்த நேரம்'னு கீழே ஒரு வரி போட்டுடறேன்."

"அதைப் பார்த்தா இன்னும் பயப்படுவாங்க."

"சரிங்க மேடம், தற்காலிகமா" என்றார். 'கடைசித் தகவலை வைத்திரு' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டார். மனசு கேட்கவில்லை. அன்று சாயங்காலமே உட்கார்ந்து, திரையின் மேல்மூலையில் வினாடி முள் ஓடும் ஒரு வட்டக் கடிகாரத்தை வைத்தார். முள் ஓடினால் திரை உயிரோடு இருக்கிறது என்று யாருக்கும் புரியும் அல்லவா? அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. பக்கத்து மேசைக்காரியைக் கூட்டிப்போய்க் காட்டினார். "அழகா இருக்குண்ணா" என்றாள் அவள். தற்காலிகம் ஏழு மாதம் ஓடியது.

எட்டாவது மாதத்தில் அவர் மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்றார்கள். பெரிய ஆபத்து ஒன்றுமில்லை, எடுத்துவிடலாம், மிஞ்சிப் போனால் ஒன்றரை மணி நேரம் என்றார் மருத்துவர். கல்லைப் பற்றி அந்த அம்மாள் கவலைப்படவே இல்லை. "முப்பது வருஷமா உங்க கூட இருக்கேன், கல்லு எல்லாம் எனக்குப் பழக்கம்தான்" என்றார். அவருடைய பயம் வேறு. ஆறு வயதில் தொண்டையில் ஓர் அறுவை. மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது பக்கத்தில் ஒருவரும் இல்லை. பெரிய வெள்ளைக்கூடம். கத்தினால் குரல் வரவில்லை. அவருடைய அம்மா டீ வாங்கப் போயிருந்தாளாம். பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடம் இன்னும் முடியவில்லை என்று முந்தின நாள் பைக்குள் துணி மடித்து வைத்துக்கொண்டே சொன்னார்.

"கண்ணு முழிக்கறப்ப நீங்க இருக்கணும். டாக்டர் இருப்பாரு, நர்ஸ் இருப்பாங்க, தெரியும். நான் அதைச் சொல்லல. நீங்க."

"நான் இல்லாம எங்க போவேன்? என் ஆபீஸே அங்கதானே. அதுவும் அந்த ஹால்ல இருக்கறது என் போர்டு. நீ வெளிய வந்த அரை நிமிஷத்துல எனக்குத் தெரிஞ்சுடும்."

"உங்க போர்டு மேல சத்தியமா?"

"என் போர்டு மேல சத்தியமா."

மறுநாள் காலை எட்டு நாற்பதுக்கு மனைவியை உள்ளே அழைத்துப்போனார்கள். அவர் கையில் முப்பத்தொன்று என்று எழுதிய சீட்டு. பதினான்கு வருடத்தில் முதல்முறையாக அந்தக் கூடத்தில் நாற்காலி பிடித்து உட்கார்ந்தார். ஒன்பது ஐந்துக்கு 'தயாராகிறார்'. ஒன்பது இருபதுக்கு 'அறுவை நடக்கிறது'. எழுத்து மாறியபோது அவரையறியாமல் தலையாட்டினார். எழுத்தின் அளவு சரி, இடைவெளி சரி, கடைசி நாற்காலியிலிருந்தும் படிக்கலாம். பக்கத்தில் ஓர் அம்மாள் கம்பளி நூலில் ஏதோ பின்னிக்கொண்டிருந்தார். மகன், இருபத்தெட்டாம் எண், முதுகெலும்பு. எதிர் வரிசையில் ஊதாச் சட்டை போட்ட ஒருவர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். தம்பி, இருபத்தாறு. சற்று நேரத்தில் எல்லாருக்கும் எல்லாருடைய எண்ணும் மனப்பாடம் ஆகிவிட்டது.

பத்தே முக்கால் ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. முப்பத்தொன்றுக்கு எதிரே 'அறுவை நடக்கிறது'.

சில நேரம் கூடுதலாக ஆகும் என்று அவருக்குத் தெரியும். பதினொன்றேகாலுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று. கூடத்துக்கு வெளியே போய்ப் பக்கத்து மேசைக்காரியைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அரங்கு போர்டு எப்படி இருக்கு?"

"பச்சைதாண்ணா. அண்ணி எப்படி இருக்காங்க?"

"நல்லாப் பாரு. பச்சையா?"

"பளிச்சுன்னு பச்சை. நீங்க போய் நிம்மதியா உக்காருங்க. அங்கயும் போய் எண்ணாதீங்க."

பச்சை என்ற சொல் அவர் நெஞ்சை ஆற்றியது. வந்து உட்கார்ந்தார். ஆனால் பச்சை என்றால் திரை சொல்வது உண்மை என்றாகிறது. உண்மை என்றால் உள்ளே இரண்டு மணி நேரமாக அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரக் கல்லுக்கு இரண்டு மணி நேரம் ஏன்? கல்லைத் தேடப்போய் வேறு எதையாவது பார்த்துவிட்டார்களா? ரத்தம்? மயக்க மருந்து? மனிதர் தன் வாழ்நாளில் எத்தனையோ பேருக்கு எட்டு எட்டு வினாடியாகக் காட்டிய எல்லா நோய்களும் வரிசை கட்டி அவர் கண்ணுக்குள்ளே ஓட ஆரம்பித்தன.

சீட்டு வியர்வையில் நைந்து சுருண்டதைப் பின்னல் அம்மாள் பார்த்திருக்க வேண்டும். ஊசியை நிறுத்தாமலே ஆறுதல் சொன்னார்.

"யாருக்குத் தம்பி? வீட்டம்மாவுக்கா? கவலைப்படாதீங்க. என் பையனுக்கும் அப்படியேதான் நிக்குது. நான்கூட முதல்ல டிவிதான் நின்னுபோச்சோன்னு நெனச்சேன். அப்புறம் பார்த்தா அந்தக் கடிகாரம் ஓடுது. நல்ல வேளை, யாரோ புண்ணியவான் வச்சிருக்கான். அது ஓடற வரைக்கும் டிவி உசிரோடதான் இருக்கும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். வினாடி முள் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே பத்து எண்கள். பத்தில் ஒன்றுகூட அவர் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்ததிலிருந்து மாறவில்லை. அதற்கு முன்னால்? அதற்கு முன்னாலும் மாறியதாக நினைவில்லை.

கடிகாரம் எங்கிருந்து நேரம் எடுக்கிறது? பெட்டியிலிருந்து. பெட்டியின் சொந்த நேரம். அரங்குக் கணினி செத்தாலும் பிழைத்தாலும் அந்த முள் ஓடும். புள்ளி பச்சையாக இருப்பதும் பெட்டிக்குத்தான். உள்ளிருந்து தகவல் வருகிறதா என்பதை முள்ளும் சொல்லாது, புள்ளியும் சொல்லாது. சொல்லும்படி அவர் வைக்கவில்லை. ஓடும் கடிகாரத்தைத் தலையில் சூட்டி, தன் கையாலேயே ஓர் அயோக்கியனை யோக்கியனாக்கி அந்தச் சுவரில் மாட்டியிருந்தார்.

மறுபடி பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டார். "பெட்டியைப் பார்க்காதம்மா. தகவலைப் பாரு. அரங்கு கம்ப்யூட்டர்லேர்ந்து கடைசியா எப்ப வந்துச்சு?"

விசைகள் தட்டும் சத்தம்.

"அண்ணா... பத்து நாப்பத்தொண்ணு. அதுக்கப்புறம் ஒண்ணுமே வரல."

மணி அப்போது பதினொன்று நாற்பத்தைந்து.

கதவு மணி பத்தடி தூரத்தில் இருந்தது. ஓடிப்போய் அடித்து முப்பத்தொன்று என்று சொல்லியிருக்கலாம். எழுந்தவர் இரண்டடி எடுத்தும் வைத்தார். பின்னல் அம்மாள் திரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, திருப்தியோடு அடுத்த வரிசையைப் பின்னத் தொடங்கினார். திரைக்காரர் நின்றார்.

"அணைச்சுடு" என்றார் தொலைபேசியில்.

"என்னண்ணா?"

"அந்தத் திரையை அணைச்சுடு. கறுப்பாக்கு. இப்பவே."

"நிர்வாகத்தம்மா கத்துவாங்களே."

"கத்தட்டும். அணை."

திரை கறுத்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள். ஊதாச் சட்டைக்காரர், "ஐயய்யோ, என்னாச்சு?" என்று கத்தினார். திரைக்காரர் கறுப்புத் திரைக்குக் கீழே போய் நின்றார். நூற்று நாற்பத்தாறு சுவர்களில் எழுதியவர், அதைப் படிப்பவர்களிடம் ஒருமுறையும் வாய் திறந்து பேசியதில்லை.

"யாரும் பயப்படாதீங்க. உள்ள ஒண்ணும் ஆகல. இந்த போர்டு என்னோடது. நான்தான் இதைப் பார்த்துக்கற ஆளு. ஒரு மணி நேரமா இது பழைய தகவலையே காட்டிட்டு இருந்திருக்கு. தப்பு என்னோடது. நான் இப்பவே உள்ள கேட்டுச் சொல்றேன்."

"ஏன்யா, ஒரு மணி நேரமாவா?" ஊதாச் சட்டைக்காரர் முன்னால் வந்தார். "ஒரு மணி நேரமா இங்க செத்துச் செத்துப் பொழைச்சுட்டு இருக்கேன். நீ பாட்டுக்கு அங்க உக்காந்து வேடிக்கை பார்த்துட்டு இருந்தியா?"

"ஆமாங்க" என்றார் அவர்.

கண்ணாடிச் சன்னலுக்குள் இருந்த செவிலியிடம் விஷயத்தைச் சொன்னார். "போர்டுல பார்த்திருப்பீங்கன்னுதானே நாங்க சும்மா இருந்தோம்!" என்று அந்தப் பெண் பதறிப்போய் உள் தொலைபேசியை எடுத்தாள். அவள் ஒவ்வோர் எண்ணாகக் கேட்டுச் சொல்லச் சொல்ல, இவர் கூடத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார். எண் வரிசையில்தான் போனாள். அவர் குறுக்கிடவில்லை.

"இருபத்தொண்ணு, வார்டு. நாலாவது மாடி, ரெண்டாவது ரூம். இருபத்திரெண்டு, வார்டு, அதே மாடி. இருபத்துநாலு, தயாராகிறார். இருபத்தாறு, மீட்பு அறை."

ஊதாச் சட்டைக்காரர் திட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டுக் கதவு மணியைப் பார்த்து ஓடினார்.

"இருபத்தெட்டு, அறுவை நடக்கிறது."

பின்னல் அம்மாள் நூலுருண்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். "இப்ப நெசமாவே நடக்குதா?"

"நெசமாவே நடக்குதும்மா. நல்லபடியா போயிட்டிருக்காம்."

"அப்ப சரி. நெசமா நடந்தா நான் இருப்பேன்" என்று உட்கார்ந்துகொண்டார்.

இருபத்தொன்பது. முப்பது. அடுத்த எண்ணைக் கேட்டுவிட்டுச் செவிலி அவர் கையில் இருந்த சீட்டைப் பார்த்தாள். தணிந்த குரலில் சொன்னாள்.

"முப்பத்தொண்ணு உங்களுதா? பத்து அம்பத்தஞ்சுக்கே வெளிய வந்துட்டாங்க சார். பதினொண்ணு பத்துக்குக் கண்ணு முழிச்சுட்டாங்களாம். அவர் வந்துட்டாரான்னு ரெண்டு மூணு தடவை கேட்டாங்களாம்."

இந்த எண்ணை மட்டும் அவர் உரக்கச் சொல்லவில்லை. முப்பத்திரண்டையும் முப்பத்துமூன்றையும் சொல்லி முடித்தார். பிறகுதான் போய் மணியை அடித்தார்.

மீட்பு அறையில் சன்னலை ஒட்டின கட்டிலில் அவர் மனைவி படுத்திருந்தார். உதடு வறண்டிருந்தது. முகம் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. எவ்வளவு நேரமாகத் திரும்பியிருந்தது என்று கேட்க அவருக்குத் துணிவில்லை.

"வந்துட்டீங்களா." குரல் காற்றாக வந்தது. "டீ குடிக்கப் போனீங்களா?"

"இல்லம்மா. வெளியதான் இருந்தேன். கதவுக்கு வெளியவேதான் இருந்தேன். போர்டையே பார்த்துட்டு..."

"உங்க போர்டா?"

"என் போர்டுதான்."

அந்த அம்மாள் சிரிக்கப் பார்த்தார். முகம் சுளித்தது. "சிரிக்க வைக்காதீங்க. தையல் இழுக்குது." கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "ஒரு நர்ஸ் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். நல்ல பொண்ணு. வேலையை விட்டுட்டு நின்னா. 'உங்க வீட்டுக்காரர் வந்துடுவாரு'ன்னு சொல்லிட்டே இருந்தா. கை ஜில்லுன்னு இருந்துச்சு. உங்க கை இல்ல" என்றார்.

கட்டிலின் விளிம்பில் இருந்த போர்வை நுனியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரியின் சேதி: 'டிக்கை எடுத்துட்டேன். கடிகாரத்தையும் எடுத்துட்டேன். நிர்வாகத்தம்மா கீழே வந்தாங்க, நானே பேசிக்கிட்டேன். அண்ணி எப்படி?' பதில் எழுதாமல் தொலைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டார்.

"சத்தியம் பண்ணினேன்" என்றார் ஒருவழியாக.

"போர்டு மேலதானே பண்ணினீங்க" என்றார் மனைவி, கண்ணைத் திறக்காமலே. "இனிமே என் தலை மேல பண்ணுங்க. அதுதான் அணையாம இருக்கும்." வாக்கியத்தின் கடைசிச் சொல் பாதி தூக்கத்தில் போய்விட்டது. மயக்க மருந்தின் மிச்சம் அவரை மறுபடி இழுத்துக்கொண்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

அவர் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு செவிலி வந்து கட்டில் தலைமாட்டில் இருந்த கருவியைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். அதன் திரையில் எண்கள் மாறி மாறி ஓடின, அலைக்கோடு ஒன்று ஏறி இறங்கியது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க சார், சும்மா தூங்கறாங்க. மானிட்டர்ல பாருங்க, எல்லாம் சரியா இருக்கு" என்றாள்.

"சரிங்க சிஸ்டர்" என்றார் திரைக்காரர்.

அவள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும், குனிந்து, புறங்கையை மனைவியின் மூக்குக்குக் கீழே கொண்டுபோய் வைத்து, வெதுவெதுவென்று மூச்சு ஒருமுறை வந்து பட்டு, மறுமுறையும் பட்டு, மூன்றாவது முறையும் படும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.